வாசகர் கேள்வி – பதில்: ஆக்கிமிடிஸும் தங்க நகையும்

கேள்வி: அரசனின் பொன்முடியில் வெள்ளி கலந்திருப்பதை ஆக்கிமிடிஸ் வழிந்த நீரை வைத்துக் கண்டுபிடித்தாராம். அப்படி வீட்டு நகையையும் சோதிக்கலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: சோதிக்கலாம், ஆனால் வழிந்த நீரை அளந்து அல்ல. முடி 1 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். சுத்தத் தங்கமானால் அதன் கனவளவு சுமார் 52 கன சென்ரிமீற்றர். 30 சதவீதம் வெள்ளி கலந்தால் 65. வித்தியாசம் 13 தான். 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பாத்திரத்தில் இது நீர்மட்டத்தை 0.4 மில்லிமீற்றர் மட்டுமே உயர்த்தும். கண்ணுக்கு அது பிடிபடாது. ஆக்கிமிடிஸ் குளிக்கையில் தொட்டி நீர் வழிந்த கதையைச் சொன்னவர் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு பிந்திய ரோமக் கட்டடக் கலைஞர் விற்றுறூவியஸ். ஆக்கிமிடிஸின் மிதக்கும் பொருட்கள் பற்றிய நூலில் முடியைப் பற்றிப் பேச்சே இல்லை. அதில் இருப்பது மேலுதைப்பு விதி: நீரில் அமிழ்ந்த பொருளை, அது விலக்கும் நீரின் நிறைக்குச் சமமான விசை மேலே தள்ளும். முடியையும் அதே நிறையுள்ள தங்கத்தையும் தராசில் தொங்கவிட்டு நீரில் அமிழ்த்தினால் 13 கிராம் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 1586இல் கலிலியோவும் இந்த வழியைத்தான் முன்வைத்தார்.

வீட்டில் செய்ய, 0.01 கிராம் வரை காட்டும் இலத்திரனியல் தராசு வேண்டும். முதலில் நகையை உலர்ந்த நிலையில் நிறுத்துக் குறியுங்கள். பிறகு தராசில் நீருள்ள கோப்பையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். நகையை மெல்லிய நைலோன் நூலில் கட்டி, கோப்பையின் அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் முழுதாக நீரில் தொங்கவிடுங்கள். நூலின் மேல்முனை தராசுக்கு வெளியே இருக்கட்டும். ஒரு கன சென்ரிமீற்றர் நீர் ஏறத்தாழ ஒரு கிராம் என்பதால், இப்போது தெரியும் கிராம் எண்ணே நகையின் கனவளவு, கன சென்ரிமீற்றரில். உலர்ந்த நிறையை அதனால் வகுத்தால் அடர்த்தி வரும்.

22 கரட் தங்கத்துக்கு, கலந்த உலோகத்தைப் பொறுத்து, 17.6 முதல் 18 வரை வரவேண்டும். மூன்று பவுண் சங்கிலி, அதாவது 24 கிராம், நீரில் 1.36 அளவில் காட்டும். முலாம் பூசிய வெள்ளியானால் 2.29. சமையல் தராசு 0.1 கிராமுக்குக் குறைந்ததைக் காட்டாது, 1.3க்கும் 1.4க்கும் இடையே அடர்த்தி 18.5இலிருந்து 17.1க்குத் தாவிவிடும்.

பெரும்பாலும் பிழைப்பது காற்றுக்குமிழியால். சங்கிலிக் கண்ணிகளில் அது ஒட்டிக்கொண்டால் கனவளவு கூடி, நல்ல தங்கமும் கலப்படம்போலத் தெரியும். நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நகையை மெல்ல அசையுங்கள். உள்ளே வெறுமையான வளையல், கல் பதித்த நகை இரண்டுக்கும் இந்தச் சோதனை சரிவராது. தங்ஸ்தனின் அடர்த்தி 19.25, தங்கத்தோடு ஒட்டியது. அதை வைத்துச் செய்த மோசடியும் இதில் பிடிபடாது. சந்தேகம் தீராவிட்டால் கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகளில் விற்கப்போகுமுன் எக்ஸ்கதிர்ச் சோதனைக்குக் கொடுங்கள். அதுவும் மேற்பரப்பைத்தான் பார்க்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: பை என்பது 22/7 தானே? – மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை, அதைவிடச் சற்றுக் குறைவு. ஆக்கிமிடிஸ் வட்டத்துக்கு உள்ளும் வெளியும் அறுகோணம் வரைந்து, பக்கங்களை இரட்டித்து 96 வரை கொண்டுபோய், பை 223/71க்கும் 22/7க்கும் இடையில் இருப்பதாக நிறுவினார். 1 மீற்றர் விட்டமுள்ள வட்டத்தின் பரிதியில் 22/7 தரும் பிழை 1.3 மில்லிமீற்றர்.