பெங்களூருவில் தெற்குப் பார்த்த பால்கனி, சித்திரைக் கடைசியில் நாற்று வைத்தேன். தக்காளியும் மிளகாயும் பூக்கின்றன, காய்ப்பதில்லை. இலையும் சுருள்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்து எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். தெற்குப் பார்த்த பால்கனி, சித்திரைக் கடைசியில் நாற்று வைத்தேன் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். காய் பிடிக்காததற்கான காரணம் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. இலை சுருள்வது தனி விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் சேலத்துக்காரி. ராமமூர்த்தி நகர் பக்கம் வாடகை வீடு. இங்கே வந்த முதல் வருஷம் ஊரிலிருந்து கொண்டுவந்த தக்காளி நாற்றை வைகாசியில் தெற்குப் பால்கனியில்தான் வைத்தேன். செடி கிடுகிடுவென்று உயர்ந்தது. ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம், தண்டு நோஞ்சானாக இருந்தது. எரு போதவில்லை என்று நினைத்து மண்புழு உரத்தை மேலும் மேலும் போட்டேன். இலை கரும்பச்சையாகத் தழைத்தது. பூ ஒன்றுகூட நிற்கவில்லை.

பெங்களூரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி வேளைச் சூரியன் நம் தலைக்கு நேரே வரும். அதன்பின் வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பவும் நேர் மேலே வரும். இடைப்பட்ட அந்த ஏறக்குறைய நான்கு மாதமும் காலை, மதியம், மாலை எல்லாமே சூரியன் வடக்குப் பக்கம்தான். தெற்குப் பால்கனியில் நேர் வெயில் ஒரு சொட்டும் விழாது. போதாததற்கு ஜூன் முதல் மேகமூட்டம் வேறு. தக்காளிக்கும் மிளகாய்க்கும் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று நம் கண் சொல்லும், செடிக்கு அது போதாது.

அதே பால்கனியில் செப்டம்பரிலிருந்து வெயில் மெல்ல உள்ளே வரத் தொடங்கும். டிசம்பரில் சாய்ந்து வந்து வீட்டுக் கூடம் வரைக்கும் விழும். அதனால் தக்காளி விதையை ஆவணியில் நாற்று விட்டு, புரட்டாசியில் தொட்டிக்கு மாற்றுங்கள். கார்த்திகை, மார்கழியில் இரவுக் குளிரும் இதமாக இருக்கும், காய் நன்றாகப் பிடிக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை அந்த இடத்தில் புதினா, வல்லாரை, பொன்னாங்கண்ணி வையுங்கள், குறை வெயிலிலும் வரும். மொட்டை மாடிக்கு ஓனர் சம்மதித்தால் இந்தக் கணக்கே வேண்டாம். ஆனால் 12 அங்குலப் பை ஒன்று நனைந்தால் 15 கிலோவுக்குக் குறையாது. பீம் போகும் ஓரமாக, அடியில் செங்கல் கொடுத்து வைத்தால் தளத்தில் ஈரம் தங்காது, ஓனருக்கும் வருத்தம் வராது.

இன்னொன்று, மாடி வீட்டில் தேனீ வரவில்லையே என்று தக்காளிக்காகக் கவலைப்படாதீர்கள். தக்காளிப் பூ தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், கொஞ்சம் அசைவு இருந்தால் போதும். காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள்.

இனி இலை. தயவுசெய்து இலையைத் திருப்பிப் பாருங்கள். மிளகாய் இலை ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி, நர்சரியில் மைட் என்பார்கள். இரண்டுமே கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சிறியவை, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். பேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலக்கி, சாயங்காலம் இலையின் அடியில் படும்படி வாரம் ஒருமுறை அடியுங்கள். மைட்டுக்கு அடி இலையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதே பாதி வைத்தியம், மீதிக்கு நனையும் கந்தகத் தூள். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள், இலை கருகிவிடும்.

தக்காளியில் நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, செடி குன்றி நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்தே கிடையாது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், பக்கத்துச் செடிகளாவது பிழைக்கும். அடுத்த முறை, நம்ம ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா ரக்ஷக்' ரகத்தை வாங்கிப் போடுங்கள். இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கிய ரகம் அது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. வீணாகிறதே என்று ஆர்ஓ, அதாவது குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின், வெளியே தள்ளும் கழிவு நீரைப் பிடித்து ஊற்றினேன். எங்களுக்கு வருவது போர் தண்ணீர், அதன் உப்பெல்லாம் திரண்டு வருவது அந்தக் கழிவு நீரில்தான். மூன்றே வாரத்தில் மண் மேல் வெள்ளையாகப் பூத்தது, இலை ஓரம் கருகியது. அரிசி, காய்கறி கழுவிய நீர் நல்லது. ஆர்ஓ நீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். முதல் மழையில் தொட்டிகளை முழுக்க நனையவிட்டால் தேங்கிய உப்பு கழுவிப் போகும்.

காய் வந்தபின் தக்காளியின் அடி கறுத்தால் அதுவும் தண்ணீர்க் கோளாறுதான். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் வேர் சுண்ணாம்புச் சத்தை மேலே அனுப்பாது. முட்டை ஓடு போடச் சொல்வார்கள், அது மட்கவே மாதக்கணக்காகும். தினமும் ஒரே அளவில் ஊற்றுங்கள்.

தக்காளியோடு ஒரு ஓரத்தில் அவரையும் ஊன்றுங்கள். இந்த ஊர் மக்கள் மார்கழியில் அவரைக்காயின் 'சொகடு' வாசனைக்கு அலைவார்கள். நாட்டு அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். இது தெரியாமல் ஒரு வருஷம், கொடிதான் ஓடுகிறது, பூவைக் காணோம் என்று புரட்டாசியிலேயே பிடுங்கிப் போட்டேன். நீங்கள் ஐப்பசி தாண்டும் வரை அதில் கை வைக்காதீர்கள்.