மகள் மருந்தியல் ஆய்வாளராகணும் என்கிறாள். பேராக் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா?

உண்டு அக்கா, ஆனால் சுங்கை சிப்புட்டில் இல்லை. பல்கலைக்கழகம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மருந்துப் பரிசோதனை நடத்தும் கம்பெனி, இவ்வளவுதான். மருந்தியலில் முனைவர் பட்டமே வாங்கினாலும் பார்மசிஸ்ட் பதிவு கிடைக்காது. "கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை போடலாமே" என்று கேட்கப்போகும் தோட்டத்துச் சொந்தங்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் சொல்வது: நான்கு வருட பார்மசி பட்டம், பயிற்சி, பதிவு, அப்புறம் ஆய்வு. பயோமெடிக்கல் படித்து ஆய்வுக்கு வந்தவர்கள் மட்டம் என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

கல்விக் கடனுக்குப் பயமா? பீட்டா பிளாக்கர் என்ற இதய மருந்தைக் கண்டுபிடித்து 1988இல் நோபல் வாங்கிய ஜேம்ஸ் பிளாக்கே கடனை அடைக்கத்தான் சிங்கப்பூருக்கு வாத்தியாராக வந்தார்.

வேலை எப்படி இருக்கும்? மருந்து ரத்தக்குழாயை என்ன செய்கிறது என்று பார்க்கும் சோதனை ஒன்றைச் சொல்கிறேன். எலியின் பெருந்தமனியில் ஒட்டிய கொழுப்பை எடுத்து, 3 மில்லிமீட்டர் வளையமாக வெட்டி, 37 டிகிரியில் கிரெப்ஸ் என்ற உப்புக் கரைசலில் தொங்கவிட வேண்டும். 95% ஆக்சிஜனும் 5% கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு குமிழிவிட்டபடி இருக்கணும். சுமார் 1 கிராம் இழுவிசையில் ஒரு மணி நேரம். கால் மணிக்கு ஒருமுறை கரைசலை மாற்றணும். பிறகு ஃபினைலெஃப்ரின் விட்டால் வளையம் சுருங்கும், அசிட்டைல்கோலின் விட்டால் தளரும். தளரவில்லையென்றால், பெரும்பாலும் கொழுப்பை எடுக்கும்போதே உள்சுவர் உரசிப் போயிருக்கும். கரைசல் பால்போல் கலங்கினால், வாயு விடுமுன் கால்சியத்தைக் கொட்டிவிட்டார்கள். மூலிகைச் சாற்றைச் சோதிக்கிறவர்கள் அதிகம் மாட்டுவது வேறிடத்தில்: தளர்த்தியது சாறா, அதைக் கரைத்த டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானா? சாறே கலக்காத டி.எம்.எஸ்.ஓ.வை அதே அளவு விட்டுப் பார்க்காத ஆய்வேடு தேர்வாளர் முன் நிற்காது.

பல்கலைக்கழகப் பேரைவிட மேற்பார்வையாளர்தான் முக்கியம். பினாங்கு யு.எஸ்.எம்.மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) போதை தரும் கெத்தும் இலையை ஆராயும் போதைப்பொருள் ஆய்வு மையம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். எங்கே போனாலும் மகள் கேட்கட்டும்: ஆய்வு நிதி எதுவரை? விலங்குச் சோதனைக்கு நெறிக்குழு அனுமதி கையில் இருக்கிறதா, இனிமேல்தானா? இனிமேல்தான் என்றால் மாதக்கணக்கில் எலியைத் தொட முடியாது. உதவித்தொகைக் காலம் மட்டும் ஓடும். கருவி கெட்டால் பழுதுபார்க்கப் பணம் யார் தருவார்கள்? அங்கே படிக்கும் மூத்த மாணவர்களிடம் தனியாகவும் விசாரிக்கட்டும், பேராசிரியர் பக்கத்தில் இல்லாதபோது.

கேட்காததையும் சொல்கிறேன், பொறுக்கவில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் "மூட்டுவலிக்குச் சுத்த மூலிகை" என்று விற்கிறார்களே, இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த சரக்கு இந்த நாட்டில் எத்தனையோ முறை பிடிபட்டிருக்கிறது. பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கணும், பாரம்பரிய மருந்துக்கு டி (T) என்று முடியும். அப்படிப்பட்ட சரக்கை மாதக்கணக்கில் சாப்பிட்டு முகம் உப்பியிருந்தால் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், உடம்பு சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு சுரக்காமல் மயங்கி விழலாம். பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.