பச்சை இலைக்கு 40 ரூபாயா?

கேள்வி: வேளச்சேரி சூப்பர் மார்க்கெட்டில் பொன்னி அரிசி வாங்கப் போனேன். ஒரு பாக்கெட்டில் இலைப் படமும் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்ற வரியும் இருந்தன. கிலோவுக்கு 40 ரூபாய் அதிகம். கொடுக்கலாமா?

பதில்: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். இலைப் படத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். இயற்கை விவசாய (ஆர்கானிக்) உணவுக்கான 'ஜைவிக் பாரத்' என்ற அரசு முத்திரையை அப்படிப் போட முடியாது. அதற்குப் பின்னால் என்.பி.ஓ.பி. (சான்று நிறுவனம் சோதித்துத் தருவது) அல்லது பி.ஜி.எஸ்.-இந்தியா (விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சோதிப்பது) சான்று இருக்க வேண்டும். 'பி.ஜி.எஸ்.-இந்தியா கிரீன்' என்றிருந்தால், நிலம் இயற்கை விவசாயத்துக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் உணவுத் தொழில் நடத்த வெறும் உரிமம்தான். சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளியோ சைவம் என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. படித்தவர்களே இதில் குழம்புகிறார்கள்!

பச்சையைக் கண்டால் மனசு இளகிவிடுகிறது, அதுதான் சிக்கல். ஒரே பிஸ்கட்டை 'ஆர்கானிக்' என்று சொல்லிக் கொடுத்தால், அதில் கலோரி குறைவு என்று மக்கள் நினைப்பதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. கலோரிக்கும் உரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சரி, முத்திரை உண்மையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரசாயன உரமும் ரசாயனப் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் விளைந்தது என்பதற்கு அது சாட்சி. பருவநிலை வேறு கணக்கு. வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் சேற்றில் காற்று புகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். இயற்கை வயலும் இதற்கு விலக்கல்ல. மட்காத வைக்கோலைச் சேற்றில் மிதித்தால் இன்னும் கூடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலை இடையிடையே காயவிட்டு, நீர் கட்டினால் மீத்தேன் நன்றாகக் குறையும். ஆனால் அதை ஆர்கானிக் முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அதனால் என் கணக்கு இதுதான்: முத்திரையும் சான்று விவரமும் இருந்து, வீட்டு பட்ஜெட்டும் இடம் கொடுத்தால் 40 ரூபாய் கொடுங்கள். வெறும் இலைக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம், பக்கத்தில் இருக்கும் சாதாரணப் பொன்னியையே எடுங்கள். முத்திரை இல்லாத எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்றும் சொல்லமாட்டேன். ஆண்டு விற்பனை 12 லட்சத்தைத் தாண்டாத சிறு விவசாயி நேரடியாக விற்றால் சான்று தேவையில்லை. அவரிடம் என்ன உரம் போட்டார், தண்ணீர் எப்படிக் கட்டினார் என்று நேரிலேயே கேட்டுவிடலாம்.

அப்புறம், 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால் ஆதாரமும் காட்ட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் பாக்கெட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.