ஆமையை விடுங்கள், அடிப்பலகையைப் பாருங்கள்

கேள்வி: மியோங்நியாங் நீரிணையில் 13 கப்பல்களை வைத்துக்கொண்டு 133 ஜப்பானியக் கப்பல்களை விரட்டினாரே கொரியத் தளபதி யி சுன்-சின், அது ஆமைக் கப்பல் என்ற அதிசயத்தால்தானே? அவரா, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனா, யார் பெரியவர்?

பதில்: ஆமைக் கப்பல்! யி சுன்-சின் பெயரை எடுத்தாலே இந்த ஆமை முன்னால் வந்து நின்றுகொள்கிறது. சியோலில் அவர் சிலையின் காலடியில் அது, ஐந்து வோன் நாணயத்தில் அது. 'உலகின் முதல் இரும்புக் கவசக் கப்பல்' என்ற பட்டம் வேறு. ஜப்பான் கொரியாமீது படையெடுத்த 1592இல் அரசருக்கு அனுப்பிய அறிக்கையில் அவர் எழுதியது இவ்வளவுதான்: முன்னால் டிராகன் தலை, அதன் வாய் வழியே பீரங்கி, முதுகில் இரும்பு முட்கள், உள்ளிருந்து வெளியே பார்க்கலாம், வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியாது. எதிரி தாவி ஏறாமலிருக்கத்தான் முள். தகடு போர்த்தியதாக ஒரு வரி இல்லை. இதைப் பலமுறை எழுதியாயிற்று, இன்னும் எழுதுவேன்.

1597இல் மியோங்நியாங்கில் நின்றவை பானோக்சோன் என்ற கொரியாவின் வழக்கமான போர்க்கப்பல்கள். யியின் நாட்குறிப்பில் அன்றைக்கு ஆமைப் பேச்சே கிடையாது. பானோக்சோன் தட்டையான அடி கொண்டது. கனத்த பைன் பலகை, இரும்பாணிக்குப் பதில் மர ஆணி. தண்ணீரில் ஊறினால் ஆணி உப்பி இன்னும் இறுகும். தண்டு வலிப்பவர்கள் கீழே மறைவில், வீரர்கள் மேல்தளத்தில். பீரங்கியின் பின்னுதைப்பை அந்தக் கட்டுமானம் தாங்கும். ஜப்பானியக் கப்பல்கள் இலகுவானவை, வேகமானவை, ஆனால் பீரங்கி அதிகம் ஏற்ற முடியாது. நெருங்கி, துப்பாக்கியால் சுட்டு, ஏறி வெட்டுவதே அவர்கள் வழி. யி அவர்களை நெருங்கவிடாமல் தூரத்திலிருந்தே அடித்தார். தட்டை அடி, நின்ற இடத்திலேயே திரும்பும்.

அதே அடி திறந்த கடலில் தொல்லை. காற்றுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கும், வேகமும் வராது. 1597 தொடக்கத்தில் புசான் பக்கம் போய் எதிரியை மறி என்று அரசர் சொன்னபோது யி போகவில்லை. சிறையில் போட்டு, பதவியைப் பறித்து, சாதாரணச் சிப்பாயாக்கினார்கள். அவர் இடத்துக்கு வந்த வோன் கியுன், மேலிடத்து நெருக்கடியில் அதே கப்பல்களைப் புசானுக்குக் கொண்டுபோனார். தண்டு வலித்தவர்கள் ஓய்ந்துபோனார்கள். திரும்பும் வழியில் சில்சோல்லியாங்கில் கடற்படையே அழிந்தது. தப்பியவை பன்னிரண்டு. அதன் பிறகுதான் யியை மறுபடி தளபதியாக்கினார்கள்; இன்னொரு கப்பலும் சேர்ந்து பதின்மூன்றாயிற்று. அரசவை செய்த இந்தக் குற்றத்தை யாரும் கேட்பதில்லை, ஆமையைத்தான் கேட்கிறார்கள்.

மியோங்நியாங் ஏறக்குறைய 300 மீட்டர் அகலமுள்ள குறுகல். சந்திர மாதத்தின் பதினாறாம் நாள், பௌர்ணமிக்கு மறுநாள், ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரம். எதிரியின் பெரிய கப்பல்கள் வெளியே நின்றன. நடுத்தரக் கப்பல்கள்தான் உள்ளே வந்தன, அவையும் மொத்தமாக அணிவகுக்க இடமில்லை. முதலில் நீரோட்டம் அவர்களுக்குச் சாதகம். யியின் கப்பல் மட்டும் தனியாக முன்னால் நின்று சுட்டது, மற்றவை பின்தங்கின. கொடி ஏற்றிக் கூப்பிட்டு, அருகில் வந்த கப்பலின் தலைவர் ஆன் வியைப் பார்த்து, "இராணுவச் சட்டப்படி சாக ஆசையா? ஓடினால் எங்கே போய்ப் பிழைப்பாய்?" என்று கத்தினார். ஆன் வி பாய்ந்தார். நீரோட்டம் திரும்பியதும் ஜப்பானியக் கப்பல்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டு ஒன்றோடொன்று மோதின. 31 கப்பல்கள் நொறுங்கின. நீரிணைக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டினார் என்ற கதைக்கும் அவர் நாட்குறிப்பில் இடமில்லை.

நெல்சனா என்கிறீர்கள். டிரஃபால்கரில் நெல்சனிடம் 27 போர்க்கப்பல்கள், எதிரியிடம் 33. உணவுக்கும் சரக்குக்கும் தனி வாரியமே லண்டனில் இருந்தது. யிக்கு அரசர் அரிசி அனுப்பவில்லை. கடற்படையைக் கலைத்துவிட்டுத் தரைப்படையில் சேரச் சொன்னார். மியோங்நியாங்குக்குப் பிறகு யி செய்ததுதான் எனக்கு வெற்றியைவிடப் பெரிது. தென்கரையில் ஓடும் படகெல்லாம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இல்லாதவன் ஒற்றன் என்று அறிவித்தார். கட்டணம் தானியம்: பெரிய படகுக்கு மூன்று சோக் (கொரியத் தானிய அளவு), நடுத்தரத்துக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று. அகதிகள் உணவோடுதான் ஓடிவந்தார்கள், பாதுகாப்பு கிடைத்தால் போதுமென்று கொடுத்தார்கள். பத்தே நாளில் பத்தாயிரம் சோக்குக்கு மேல் சேர்ந்தது. செம்பும் இரும்பும் திரட்டிப் பீரங்கி வார்த்தார், மரம் வெட்டிக் கப்பல் கட்டினார். 1598 நோர்யாங் கடற்போரில் அவர் குண்டடிபட்டு இறந்தபோது நடத்திக்கொண்டிருந்தது இப்படித் திரட்டிய படையைத்தான். யார் பெரியவர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்; அந்தக் கணக்கில் அரிசியைச் சேர்க்க மறக்காதீர்கள்.