கடலாமைக்கு ஓட்டுக்குள் ஒடுங்கத் தெரியாது

ஓய்வில்லாத வேலைக்கு நடுவே மனத்தைப் பதற்றமின்றி வைத்துக்கொள்ளப் பழைய நூல்கள் உண்மையிலேயே உதவுமா, உதவியிருந்தால் எவ்வாறு என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உதவியிருக்கின்றன, ஆனால் நான் எதிர்பார்த்த வழியில் அல்ல.

இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் நண்டும் கணவாயும் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். காலையில் படகுகள் கரை சேர்ந்ததும் எடைச் சீட்டுகள் ஒரு பக்கம் குவியும், தூத்துக்குடியிலிருந்து விலை கேட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும், ஐஸ் உருகுகிறது என்று லாரிக்காரர் அவசரப்படுத்துவார். அப்படியொரு காலையில் நாட்டுப்படகுக்கார முதியவர் ஒருவர், "தம்பி, எடையை இன்னொரு தடவை பாருங்க" என்றார். அத்தனை பேர் முன்னிலையில் அவரிடம் நான் கத்திவிட்டேன். மாலையில் கணக்கைச் சரிபார்த்தபோது, 21 கிலோவை 12 என்று எழுதியவன் நான்தான் என்று தெரிந்தது. விடுபட்ட பணத்தைக் கொடுத்துவிட்டேன். கத்தியதைத் திருப்பி வாங்க முடியவில்லை.

வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறள் (301) அன்றிரவுதான் எனக்குப் புரிந்தது. "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்" என்கிறார் வள்ளுவர். சினம் எங்கே பலிக்குமோ அங்கே அதை அடக்குபவனே சினத்தை அடக்குபவன்; பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால்தான் என்ன? முதலாளி கடிந்து பேசும்போதெல்லாம் வாய் திறக்காமல் நின்றதை என் பொறுமை என்று அதுவரை எண்ணியிருந்தேன். அது பொறுமையே அல்ல, வேறு வழியின்மை என்று ஒன்றேமுக்கால் அடியில் சொல்லிவிட்டார். இன்றைக்கு அமைதியைப் பற்றி வருகிற அறிவுரைகளில் பெரும்பாலானவை நம்மைத் தடவிக்கொடுக்கின்றன. இந்தக் குறள் அப்படிச் செய்யவில்லை என்பதாலேயே எனக்குப் பயன்பட்டது.

வேலை குறைந்தால் மனம் தானே அடங்கும் என்று நம்புவோர் எங்கள் கடற்கரைக்கு ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடையில் வந்து பார்க்கலாம். விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை என்பதால் அப்போது நாட்டுப்படகுகளின் வரவு மட்டுமே இருக்கும்; எனக்குப் பாதி நாள் வேலையே இராது. அந்த நாட்களில்தான் என் மனம் மிகுதியாக அலைந்தது, கைப்பேசியும் கையை விட்டு இறங்கவில்லை.

அத்தகைய ஒரு தடைக்காலத்தில், இராமநாதபுரத்திலுள்ள தாயுமானவர் சமாதிக்குப் போயிருந்தேன். திருச்சியில் விசயரங்க சொக்கநாத நாயக்கரின் (1706–1732) அரண்மனையில் கணக்குப் பொறுப்பு வகித்தவர் அவர் என்பது வரலாறு. ஒரு கணக்கர் இன்னொரு கணக்கரைப் பார்க்கப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். "சும்மா இரு" என்று அவருக்கு உபதேசித்த மௌனகுரு, உடனே துறவு பூணச் சொல்லாமல் இல்லறத்துக்கே அனுப்பினார் என்றும் சொல்வார்கள். மதயானையை வசப்படுத்தி நடத்தலாம், கரடி புலிகளின் வாயைக் கட்டலாம் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போய், "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது" என்று தாயுமானவர் தம் பாடலில் முடிக்கிறாரே, அதை எழுதியவர் வேலையற்றுத் திண்ணையில் இருந்தவரல்லர். ஆகவே, சும்மா இருத்தலை வேலையின்மை என்று பொருள்கொள்வது பிழை என்றே கருதுகிறேன்.

பிறகு ஆமை. ஆமையைப்போல் ஐந்து புலன்களையும் அடக்கச் சொல்லும் குறளை (126) அந்த முதியவரிடம் ஒருநாள் சொன்னேன். எங்களுக்குள் பேச்சு மீண்டிருந்த காலம் அது. அவர் சிரித்துவிட்டு, "நம்ம கடலாமை தலையை உள்ள இழுக்காதே தம்பி. வலையில மாட்டுனா மூச்சுக்கு மேல வர முடியாமத்தான் சாகுது" என்றார். உண்மைதான். ஓட்டுக்குள் ஒடுங்கும் ஆமை குளத்திலும் நிலத்திலும் வாழ்வது. வள்ளுவர் கண்டதும் அதுவாகவே இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் நீந்தும் ஆமைக்குத் தலையையும் துடுப்புகளையும் உள்ளிழுக்க இயலாது. நீருக்குள்ளேயே வாழ்ந்தாலும் அதற்கு நுரையீரல்தான். ஆகவே அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மீண்டும் இறங்குகிறது.

எடைமேடைக்கு அருகில் ஒடுங்கிக்கொள்ள எனக்கும் ஓடு கிடையாது. விடியற்காலைத் தியானம் எனக்கு ஒத்துவரவில்லை, ஏனெனில் விடியற்காலையில்தான் சரக்கு வரத் தொடங்கும். எனவே ஒரு சீட்டை எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்து, ஒரு மூச்சை முழுவதுமாக இழுத்து விட்ட பின்பே அடுத்த சீட்டைக் கையில் எடுக்கிறேன். தொலைபேசி அடித்தாலும் அந்த ஒரு மூச்சு முடியட்டும் என்று விட்டுவிடுகிறேன். அதனால் இதுவரை எந்த வியாபாரமும் கைவிட்டுப் போனதில்லை. இன்றும் சினம் வருகிறது, குறிப்பாக மாதக் கடைசியில். எனினும் வாயிலிருந்து சொல் வெளிப்படுவதற்குள், இது செல்லிடமா அல்லிடமா என்று கேட்டுக்கொள்ள அந்த இடைவெளி போதுமானதாக இருக்கிறது.

அந்த முதியவர் இன்னமும் எங்களிடம்தான் நண்டு போடுகிறார். எடையை இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டச் சொல்வார். நான் படித்துக் காட்டுகிறேன்.