‘வரவு’ எந்தப் பக்கம்? கணக்கு மென்பொருளும் செயற்கை நுண்ணறிவு முகவரும்: கேள்வி பதில்

கிளிநொச்சியில் அரிசி ஆலைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கிறேன். பதிவு, தேடல் போன்ற வேலைகளைச் செய்யும் அதன் கருவிகளை, சொன்ன வேலையைத் தாமே செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் பிழையின்றிக் கையாள எப்படி விளக்கம் எழுத வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

வவுனியா மாணவி: அண்ணா, மென்பொருளுக்குத்தான் கையேடு இருக்கிறதே. முகவருக்கென்று தனியாக எதற்கு?

கையேட்டை வாசிப்பவருக்குத் திரை தெரிகிறது, தங்கச்சி. சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்பார். முகவரிடம் இருப்பவை கருவியின் பெயர், சில வரி விளக்கம், நிரப்ப வேண்டிய விவரங்களின் பட்டியல். முகவரை வெளி மென்பொருளோடு இணைப்பதற்காக அந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறையிலும் கருவி இப்படித்தான் முகவருக்கு அறிமுகமாகிறது. நான் முதலில் ஒரு கருவிக்கு ‘கொடுப்பனவைப் பதிவு செய்யும்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். யார் யாருக்குக் கொடுத்தது? இன்று அது இப்படி இருக்கிறது: ‘ஏற்கெனவே உள்ள சிட்டைக்கு (இன்வாய்ஸ்) வாடிக்கையாளர் செலுத்திய பணத்தைப் பதிவு செய்யும். நாம் பிறருக்குக் கொடுத்த பணத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. சிட்டை எண் தெரியாவிட்டால் முதலில் சிட்டை தேடும் கருவியை அழைக்கவும்.’

முல்லைத்தீவு கூட்டுறவுச் சங்கக் கணக்காளர்: தம்பி, எங்களுக்கு எல்லாம் தமிழில்தான். விளக்கத்தையும் தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம் ஐயா, நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு சொல்லில் மிகுந்த கவனம் வேண்டும். நாம் பாடசாலையில் டெபிட்டை வரவு என்றும் கிரெடிட்டைச் செலவு என்றும் படித்தோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டெபிட் என்பது பற்று, கிரெடிட்தான் வரவு. பாக்கு நீரிணையைக் கடந்ததும் அதே சொல் பேரேட்டின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. முகவரோ இரண்டு கரைத் தமிழையும் வாசித்துப் பழகியது.

சோதனைக் கணக்கொன்றில் ‘காசுக் கணக்கில் 5,000 ரூபாய் வரவு வை, விற்பனையில் செலவு வை’ என்றேன். காசு கூடுவதற்குப் பதில் குறைந்துவிட்டது. டெபிட், கிரெடிட் மொத்தங்களை ஒப்பிடும் பரீட்சை மீதியைப் பார்த்தேன், சமமாகவே இருந்தது. பதிவு இரண்டு பக்கமும் தலைகீழாகப் போனால் பரீட்சை மீதி அதைக் காட்டித்தராது. அதனால்தான் இந்தப் பிழைக்கு நான் அவ்வளவு அஞ்சுகிறேன். இப்போது பதிவுக் கருவி ஒவ்வொன்றிலும் ‘வரவு என்றால் டெபிட், சொத்தும் செலவினமும் கூடும் பக்கம்’ என்று எழுதிவிடுகிறேன். கிரெடிட் பக்கத்துக்கு ‘செலவு’, சம்பளம் மின்கட்டணம் போன்றவற்றுக்குச் ‘செலவினம்’ என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

பரந்தன் ஆலை உரிமையாளர்: திகதி, தொகை எல்லாம் அதற்குத் தானாகப் புரியாதா?

ஊகிக்கும்; ஊகம்தான் ஆபத்து. காலபோக நெல் வாங்கிய சிட்டையில் 03/04/2025 என்று இருக்கிறது. நமக்கு அது ஏப்ரல் 3. மாதத்தை முன்னால் எழுதும் முறையில் மார்ச் 4. நமது வரி ஆண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குவதால், அந்த ஒரு சிட்டை போன ஆண்டுக் கணக்கில் போய் விழும். ‘ஆண்டு-மாதம்-நாள்’ என்று முறையைச் சொல்லி, 2025-04-03 என்ற எடுத்துக்காட்டையும் கொடுங்கள். தொகை ரூபாயிலா சதத்திலா என்பதையும் எழுதுங்கள். மென்பொருள் சதத்தில் எதிர்பார்த்தால், 12,500 என்று வந்தது 125 ரூபாயாகிவிடும்.

மாங்குளம் நிரலாளர்: இங்கே இணைப்பு அடிக்கடி அறுகிறது. பதிவு இரட்டிக்காதா?

எனக்கு இரட்டித்தது. அடைமழை நாள் ஒன்றில் பற்றுச்சீட்டு பதிவானது, பதில் வந்து சேரவில்லை. முகவர் மறுபடி அனுப்பியது. ஒரே விவசாயியின் பெயரில் ஒரே பற்றுச்சீட்டுக்கு இரண்டு பதிவுகள்! ஒவ்வொரு பதிவுக்கும் முகவரே ஒரு தனி எண் கொடுக்க வேண்டும். அதே எண் மீண்டும் வந்தால் மென்பொருள் புதிதாகப் பதியாமல் பழைய பதிலைத் திருப்பித் தர வேண்டும். ‘மறுபடி முயலும்போது எண்ணை மாற்றாதே’ என்ற வரி விளக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

அழிக்கும் கருவி கொடுக்கலாமா?

வேண்டாம். பிழையை அழிக்காமல், அதற்கு நேர்மாறான எதிர்ப்பதிவால் திருத்துவதே கணக்கியல் முறை. எம்.சி.பி.யில் ‘அழிக்கக்கூடியது’ என்று குறிக்க இடம் உண்டு, ஆனாலும் பூட்டை மென்பொருளின் அனுமதியில்தான் போட வேண்டும்.

வற் (பெறுமதி சேர் வரி) வீதத்தை விளக்கத்தில் எழுதலாமா?

எழுதாதீர்கள். 2024 ஜனவரி 1 அன்று 15 சதவீதம் 18 ஆனது. 2023 டிசம்பர் சிட்டையைத் திருத்தும்போது பழைய வீதம்தான் வேண்டும். சிட்டைத் திகதியைக் கொடுத்தால் வீதத்தைத் தரும் கருவி ஒன்று போதும்.

மன்னார் வாசகர்: எழுதியது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது, அண்ணா?

முதலில் முகவரிடம் கொடுக்காதீர்கள். நான் சங்கக் காசாளர் அக்காவிடம் தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். ‘ஏற்கெனவே உள்ள சிட்டைக்கு’ என்ற இடத்தைப் பேனாவால் சுழித்து, “நெல் வருமுன்னே முற்பணம் தருபவருக்குச் சிட்டை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அன்றிரவே முற்பணத்துக்குத் தனிக் கருவி எழுதினேன்.