தமிழ் ஆவணத்தில் நெடுங்கோட்டையும் சிறப்புக் குறிகளையும் தட்டுவது எப்படி?

ஓய்வுபெற்ற ஆசிரியரான வாசகர் ஒருவர், தம் ஊர்க் கோயிலின் வரலாற்றைத் தமிழ்99 விசைப்பலகை கொண்டு வேர்டில் தட்டெழுதி வருகிறார். இரண்டு சிறுகோடுகளை அடுத்தடுத்துத் தட்டும்போது சில இடங்களில் அவை தாமாகவே நெடுங்கோடாகி (—) விடுவதாகவும், சில இடங்களில் அப்படியே நிற்பதாகவும், நண்பர் சொன்னபடி ஆல்ட் விசையுடன் 0151 தட்டியும் தம் மடிக்கணினியில் எதுவும் நடக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ரூபாய்க் குறியையும், பழைய பத்திரங்களில் காணப்படும் ௵, ௴ போன்ற குறிகளையும் கொண்டுவரும் வழியையும் கேட்டிருக்கிறார்.

பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் உள்ள கோட்டு விசை தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. இணைப்புக்கோடு, கழித்தல் குறி, நெடுங்கோடு ஆகிய அனைத்துக்கும் அந்த ஒரு விசையையே அக்காலத்தில் பயன்படுத்தினார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் இவை தனித்தனி எழுத்துகள். 1952–1955 என ஆண்டு வரம்பைக் காட்டும் நடுத்தரக் கோட்டின் எண் 2013; வாக்கியத்தின் நடுவே வரும் நெடுங்கோட்டின் எண் 2014; கணிதத்தின் கழித்தல் குறிக்கு 2212.

வேர்டு தானாகச் செய்யும் மாற்றத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. இடைவெளி விடாமல் இரண்டு சிறுகோடுகளைத் தட்டி, அடுத்த சொல்லையும் முடித்து ஸ்பேஸ் விசையை அழுத்திய பிறகுதான் அது நெடுங்கோடாகும்; இருபுறமும் இடைவெளி விட்டால் கிடைப்பது நடுத்தரக் கோடு. ஏற்கெனவே எழுதி முடித்த வரிக்குள் திரும்பிச் சென்று கோடுகளை மட்டும் செருகினால், அதன் பின் புதிய சொல் எதுவும் தட்டப்படாததால் மாற்றம் நிகழாது. உங்கள் பிரதியில் சில கோடுகள் மாறாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

ஆல்ட் 0151 முறைக்கு வலப்புற எண் பலகை தேவை; மேல் வரிசை எண்களால் அது நடக்காது. 0151 என்பது விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணையில் நெடுங்கோட்டின் இடம். முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை விட்டுவிட்டால் அதைவிடப் பழைய டாஸ் இயங்குதளத்தின் அட்டவணைக்குப் போய், சம்பந்தமில்லாத ஓர் ஐரோப்பிய எழுத்து வந்து விழும். எண் பலகை இல்லாத மடிக்கணினியில் இந்த முறையோடு போராட வேண்டாம்.

வேர்டில் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, 2014 என்று தட்டி உடனே ஆல்ட், எக்ஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தும் முறையே. ஆனால் ஆண்டு வரம்பில் இது ஏமாற்றும்: 1952 என்பதை ஒட்டி 2013 தட்டினால் முன்னுள்ள இலக்கங்களையும் வேர்டு எண்ணோடு சேர்த்துக்கொள்ளக்கூடும். ஆகவே 2013 என்ற நான்கு இலக்கங்களை மட்டும் தேர்வு செய்துகொண்டு ஆல்ட் எக்ஸ் அழுத்துங்கள். ரூபாய்க் குறியின் எண்ணில் இரண்டு, பூஜ்ஜியத்துக்குப் பின் ஆங்கில 'பி' எழுத்தும் ஒன்பதும் வருவதால், அதைத் தட்டுமுன் விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற வேண்டும். அதைவிட எளிது, ஆங்கிலம் (இந்தியா) விசைப்பலகையைத் தேர்ந்து வலப்புற ஆல்ட்டுடன் 4 அழுத்துவது. உதயகுமார் வடிவமைத்த இக்குறியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது 2010 ஜூலையில். ஆல்ட் 0151 முறைக்கு அடிப்படையான விண்டோஸின் பழைய அட்டவணையோ அதற்கு மிகவும் முந்தியது. அதனால்தான் நெடுங்கோட்டுக்கு உள்ளதுபோல இதற்கு அந்த அட்டவணையில் இடமில்லை.

௵ (ஆண்டு), ௴ (மாதம்), ௳ (நாள்), ௸ (மேற்படி) ஆகியவை ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியிலேயே இருக்கின்றன. பத்திரங்களைப் படியெடுக்கும்போது இவற்றை 'வருடம்', 'மாதம்' என்று விரித்தெழுதாமல் உள்ளபடியே தருவது ஆவணத்துக்குச் செய்யும் நேர்மை என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேர்டின் இன்செர்ட் பட்டியில் சிம்பல் பகுதிக்குச் சென்று, தமிழ் எழுத்துத் தொகுதியைத் தேர்ந்தால் வரிசையாகத் தெரியும். அங்கேயே ஷார்ட்கட் கீ என்ற பொத்தானைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் உங்கள் விருப்பப்படி விசைச் சேர்க்கையை ஒதுக்கலாம். நெடுங்கோட்டுக்கும் அப்படியே செய்துகொண்டால் எண்களை நினைவில் வைக்கத் தேவையில்லை. குறிக்குப் பதில் வெற்றுக் கட்டம் தோன்றினால், அந்த எழுத்துருவில் அக்குறி இல்லை என்று பொருள். வேறு ஒருங்குறி எழுத்துருவுக்கு மாறுங்கள்.

'1952-இல்' என்பது போன்ற இடங்களில் சிறுகோடே சரி. ஆனால் வரியின் கடைசியில் '1952-' என்று நின்றுவிட்டு 'இல்' மட்டும் அடுத்த வரிக்குப் போனால் படிப்பவர் இடறுவார். அங்கே கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்தியபடி கோட்டு விசையைத் தட்டினால் பிரியாத இணைப்புக்கோடு கிடைக்கும். கோயில் வரவு செலவைப் பதியும் எக்செல் தாளிலும், கோப்புப் பெயர்களிலும், மின்னஞ்சல் முகவரிகளிலும் விசையில் உள்ள சாதாரணக் கோட்டைத் தவிர வேறு எதையும் இடாதீர்கள். நடுத்தரக் கோட்டைக் கழித்தல் குறியாக நினைத்து எண்ணின் முன் இட்டால் எக்செல் அதை எண்ணாகவே கருதாது.

ஏற்கெனவே தட்டிய பக்கங்களைத் திருத்த, கண்ட்ரோலுடன் எச் விசையை அழுத்தித் தேடும் கட்டத்தில் இரண்டு சிறுகோடுகளையும், மாற்றும் கட்டத்தில் ^+ என்பதையும் இடுங்கள். நடுத்தரக் கோடு வேண்டிய இடங்களில் ^= என்று இட வேண்டும். ஒரேயடியாக அனைத்தையும் மாற்றும் பொத்தானை அழுத்தாமல், ஆண்டு வரம்பா வாக்கிய இடைவெட்டா என்று பார்த்து ஒவ்வொன்றாக மாற்றிச் செல்லுங்கள்.